வீடு தேடி வரும் மாத்திரை, வராத மாத்திரை

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் மேலச்செவலைத் தாண்டியதும் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். இங்கே சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும். அதே தெருவில் மனச்சிதைவு நோயுள்ள ஒரு பையனுக்கு மாத்திரை வேண்டுமென்றால், அவனையோ அவன் சீட்டையோ எடுத்துக்கொண்டு யாராவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். பெரும்பாலும் இதுதான் நடப்பு. இரண்டும் நாள்பட்ட நோய்கள். இரண்டுக்கும் நெடுங்காலம் மருந்து வேண்டும். இரண்டு மருந்தையும் அரசு இலவசமாகத்தான் தருகிறது. பிறகு ஏன் ஒன்று நடந்து வருகிறது, மற்றது வருவதில்லை?

"கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது. பேய், பிசாசு, செய்வினை என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் ஓடுகிறார்கள்" என்பது இதற்கு வழக்கமான பதில். மனநல தினக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில். சர்க்கரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது நிற்காது என்பது என் எண்ணம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2015-16ல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக அது கணக்கிட்டது. மனச்சோர்வு, பதற்றம், குடிநோய் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வு 2023ல் வெளிவந்தது. அதில் சர்க்கரை உள்ளவர்கள் 11.4 சதவீதம். ஆக, பத்துப் பேரில் ஒருவருக்கு அது, பத்துப் பேரில் ஒருவருக்கு இது. கடுமையான மனநோயை மட்டும் எடுத்தாலும் 0.8 சதவீதம் வருகிறது. வயது வந்தவர்கள் பத்தாயிரம் பேர் இருக்கும் ஊரில் எண்பது பேர் என்று பொருள். ஒரு பஸ்ஸில் நெருக்கி ஏற்றினாலும் கொள்ளாத கூட்டம். அந்த எண்பது பேரை அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்புப் பதிவேடு தடிமனாக இருக்கும்.

நிமான்ஸ் ஆய்வு இன்னொரு கணக்கையும் சொன்னது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேரும், கடுமையான மனநோயாளிகளில் நான்கில் மூன்று பேரும் சிகிச்சையே பெறவில்லை. சர்க்கரையிலும் தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம்தான். ஆனால் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு மாத்திரை கிடைக்கவில்லை என்று இந்தப் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு திட்டங்களின் வயதையும் ஒப்பிட்டால் இன்னும் வியப்பு. இந்தியாவின் தேசிய மனநலத் திட்டம் 1982ல் வந்தது. சர்க்கரை, இதயநோய், புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010ல்தான் வந்தது. மனநலம் 28 ஆண்டுகள் மூத்தது. அதற்கும் முன்பே, 1975 வாக்கில், சண்டிகர் பக்கத்து ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரு பக்கத்து சகலவாராவிலும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களையும் சாதாரண டாக்டர்களையும் கொண்டே மனநோயைக் கண்டுபிடித்து மருந்து தர முடியுமா என்று சோதித்தார்கள். முடிந்தது. 1980களின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். அந்த மாதிரியை வைத்து 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று நம் திருச்சி. அன்றைக்குத் தமிழ்நாட்டுச் சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கென்று தனிப் பிரிவே கிடையாது. சர்க்கரை அப்போது பணக்கார வியாதி. டவுனில் டாக்டரைப் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்கு வருவது.

பின்னால் வந்தது எப்படி முந்தியது? இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2007 வாக்கில் உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில், ரத்தக்கொதிப்பைக் கண்டறிந்து மருந்து தருவதை விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். 2012 முதல் அது சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டு மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்க்கென்று ஒரு செவிலியர் உட்கார்ந்தார். முப்பது வயது தாண்டியவர் காய்ச்சலுக்கு வந்தாலும் கையில் பட்டையைச் சுற்றிக் கொதிப்பைப் பார்த்தார். பிறகு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்ணே தன்னார்வலராகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். பையில் பிரஷர் பார்க்கும் கருவி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள். 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. தகுதியான விருதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

திட்டம் தொடங்கியபோது வீடு தேடி வரும் சேவைகள் என்று அறிவித்தவற்றில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மருந்து இருந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பு இருந்தது. இயன்முறைப் பயிற்சி இருந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகூட இருந்தது. மனநோய் மாத்திரை மட்டும் இல்லை.

இந்த வட்டாரத்தில் அரிதாக இல்லாத ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். முன் அறையில் தரையோடு தரையாகப் பாய்த் தறி. பாவு நூல் இழுத்துக் கட்டியிருக்கிறது. ஊறவைத்து வகிர்ந்த கோரை ஈரத்துணிக்குள் இருக்கிறது. தன்னார்வலர் வருகிறார். "பெத்தும்மா, விரல நீட்டுங்க." பாட்டி தறியில் இருந்தபடியே இடது கையை நீட்டுகிறார். "எம்புட்டு இருக்கு?" "நூத்தி எம்பது. போன மாசத்துக்கு இது தேவல. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. விட்டுராதீங்க." நோட்டில் எழுதுகிறார், மாத்திரை அட்டையை எண்ணி வைக்கிறார், எழுந்திருக்கிறார். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறது. அதற்குள் பேரன். இரண்டு வருஷமாகக் குளிக்க வைக்கவே போராட்டம், ராத்திரியெல்லாம் யாருடனோ பேச்சு. தன்னார்வலருக்கும் அது தெரியும். தெரு முழுக்கத் தெரியும். "பேரன் எப்படி இருக்கான்?" என்று கேட்கிறார். "இருக்கான்" என்கிறார் பாட்டி. அந்தப் பதிலை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

அந்தக் கட்டம் இல்லாததுதான் இந்த ஒப்பீட்டின் நடுப்புள்ளி. சர்க்கரைக்கு ஓர் எண் உண்டு. எண் இருந்தால் இலக்கு வைக்கலாம். இலக்கு இருந்தால் மாதாந்தரக் கூட்டத்தில் "உங்கள் வட்டாரம் ஏன் பின்தங்கியிருக்கிறது" என்று அதிகாரி கேட்பார். கேட்பார் என்று தெரிந்தால் செவிலியர் அலைவார். மனநோய்க்கு விரலில் குத்திப் பார்க்கும் கருவி கிடையாது. ஆனால் கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து கிடந்ததா என்ற இரண்டே கேள்விகளில் மனச்சோர்வை வடிகட்டும் முறை உலகமெங்கும் நடப்பில் இருக்கிறது. பையில் எடை ஏறாது, பேட்டரி தீராது. கேட்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான் பாக்கி.

அடுத்தது டாக்டர். சர்க்கரைக்கு எம்.பி.பி.எஸ். படித்த எந்த டாக்டரும் கை நடுங்காமல் மெட்ஃபார்மின் எழுதுவார். மனநோய் என்றால் "ஹைகிரவுண்டுக்குப் போங்க" என்று சீட்டு எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலப் பிரிவுக்கு ஒதுக்கப்படுவது சில வாரங்களே. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. முக்கால் என்பது 2019ல் வெளிவந்த ஒரு கணக்கு. இருக்கும் மருத்துவர்களும் நகரத்தில் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் முறை வைத்து வெளியூர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து போவதுதான் ஏற்பாடு. அவர் விடுப்பில் போனால் அந்த முறை போச்சு. சர்க்கரைப் பிரிவுச் செவிலியர் விடுப்பில் போனால் இன்னொருவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மெடிக்கல் கடையிலும் இதே கதை. சர்க்கரை மாத்திரை அட்டையைக் காட்டினாலே போதும், பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ரிஸ்பெரிடோன், ஒலன்சாபின் என்று கேட்டால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சீட்டைக் கேட்பார்கள், பிறகு "இங்க வராதுங்க, ஜங்ஷன்ல பாருங்க" என்பார்கள். சீட்டுக் கேட்பது சட்டப்படி சரி. ஆனால் சீட்டு எழுதும் ஆளும் ஊரில் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு மாத்திரை ஒரு டீ விலைகூடப் பெறாது என்பதுதான் வேடிக்கை.

ஹைகிரவுண்டு பயணத்தைப் பற்றி நகரத்து வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தமடையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இது ஒரு தூரமா என்று தோன்றும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமும் இல்லை. ஆனால் புறநோயாளிச் சீட்டு காலையில்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. சர்க்கரைக்காரர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். காதில் குரல் கேட்கும் பையனை மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்காரவைப்பது எப்படி என்று அவன் உம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவன் எழுந்து போய்விடக் கூடாது என்று வாப்பாவும் கூட வர வேண்டும். ஆக ஒரு நோயாளிக்கு மூன்று பேரின் ஒரு நாள். பீடி சுற்றும் வீட்டிலும் பாய் முடையும் வீட்டிலும் அன்றைக்கு வேலை நின்றால் அன்றைக்கு வரவும் நின்றது. இப்படி மாதம்தோறும், வருஷக்கணக்கில். முதல் வருஷம் ஒழுங்காகப் போவார்கள். பையன் கொஞ்சம் தெளிந்ததும், "இப்பத்தான் நல்லா இருக்கானே" என்று ஒரு மாதம் விடும். அதற்குப் பெயர் மருந்தை நிறுத்தியது என்று கேஸ் ஷீட்டில் ஏறும். பஸ் ஏற முடியாமல் போனது என்று ஏறாது.

பத்தமடைக்கே 20 கிலோமீட்டர். இதே தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் காரையாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. இஞ்சிக்குழியிலிருந்து காட்டு வழி நடந்து, பாபநாசம் வந்து, அதற்குப் பிறகுதான் பஸ். அங்கிருந்து பார்த்தால் பத்தமடை நகரம்.

மருந்துக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவு ஒன்று இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பத்தமடைப் பட்டுப்பாயின் மதிப்பே கோரையை எவ்வளவு மெல்லிசாக வகிர்கிறார்கள் என்பதில்தான். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, இழை இழையாகப் பிரித்து, சன்னமான பருத்தி நூல் பாவில் முடைய வேண்டும். நல்ல பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநோய் மருந்துகள் சிலருக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் கொண்டுவரும். குமாஸ்தாவுக்குக் கை நடுங்கினால் கையெழுத்துக் கோணும். பாய் முடைகிற பெண்ணுக்கு நடுங்கினால் பிழைப்பே போயிற்று. குரலைத் தாங்கிக்கொள்வதா, கையைக் காப்பாற்றுவதா என்று பார்த்து, கையைக் காப்பாற்றிக்கொண்டால் அவளை அறியாமைக்காரி என்று சொல்ல முடியுமா? நடுக்கத்துக்கு மாற்று மருந்து உண்டு, அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். ஆனால் அதற்கு மாதம் ஒருமுறையாவது "கை எப்படி இருக்கு, நீட்டுங்க பார்ப்போம்" என்று கேட்க ஆள் வேண்டும். சர்க்கரைக்காரிக்குத் தலைசுற்றல் வந்தால் கேட்கிற அதே ஆள்.

இனி, தர்காவும் கோயிலும். மூடநம்பிக்கைதான் காரணம் என்பவர்கள் சர்க்கரையிலும் இதே மக்கள் ஆவாரம்பூக் கஷாயமும் வெந்தயமும் குடிப்பதைக் கவனிப்பதில்லை. குடிக்கிறார்கள், கூடவே மாத்திரையும் போடுகிறார்கள், மாத்திரை வீட்டுக்கு வருவதால். மனநோயில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. நெல்லை வட்டாரத்தில் அந்தத் திறந்த கதவுகள் எல்லா மதத்திலும் இருக்கின்றன: நம்பியாறு கடலில் சேருமிடத்து ஆத்தங்கரைப் பள்ளிவாசல், கடையம் பக்கம் பொட்டல்புதூர் தர்கா, உவரி அந்தோணியார், தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார். புளியம்பட்டியைப் பற்றி பிரிஜித் செபாஸ்தியா என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் புத்தகமே எழுதியிருக்கிறார். இந்த இடங்களில் குடும்பத்தோடு தங்கலாம். புறநோயாளிச் சீட்டுக் கிடையாது, பன்னிரண்டு மணிக்கு அடைக்கமாட்டார்கள். "உங்க பையனுக்கு என்ன?" என்று கேட்டு ஒருவர் காதுகொடுப்பார், அங்கேயே இருக்கும் இன்னொரு தாய் தன் கதையைச் சொல்வாள். ஆஸ்பத்திரி வரிசையில் கிடைக்காத சில பொருட்கள் இவை.

2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிமான்ஸைச் சேர்ந்த ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் வந்தபோதும் போகும்போதும் மதிப்பிட்டார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. குறிப்பிட்ட வைத்தியச் சடங்கு எதுவும் கிடையாது. கோயில் வேலைகளில் பங்கெடுத்துக்கொண்டு அன்பான இடத்தில் இருந்தது மட்டுமே. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அதில் இல்லை. இதை வைத்துக் கோயிலே போதும் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நிற்கிறது. (நெல்லைக்காரர்களுக்கு ஏர்வாடி என்றால் முதலில் நாங்குநேரிப் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும், அது வேறு.) 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அந்தத் தர்காவை ஒட்டிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. சர்க்கரை நோய்க்காக இந்த நாட்டில் யாரையும் சங்கிலியில் கட்டியதில்லை. ஒப்பீடு என்று தொடங்கிய பிறகு இந்த வரியை எழுதாமல் போக முடியவில்லை.

ஏர்வாடிக்குப் பிறகு காப்பகங்கள் மூடப்பட்டன, வழக்குகள் நடந்தன. பின்னாளில் அதே தர்காவில் துவாவோடு மருந்தும் தரும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. குஜராத் ஊனாவா மீரா தாதார் தர்காவில் நடந்துவரும் முறையின் வழியில் வந்தது அது. மக்கள் நிற்கும் இடத்துக்கு மருந்து போக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பத்தமடைக்காரர் தர்காவுக்குப் போனால் அரசு டாக்டரைப் பார்க்கலாம், தன் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போனால் பார்க்க முடியாது என்ற நிலைமை விசித்திரமாகப் படவில்லையா?

சர்க்கரைக்குச் செய்ததை அப்படியே மனநோய்க்குச் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் இந்த ஒப்பீடு நொண்டுகிறது. ஒன்று, தனக்கு நோயில்லை என்று உண்மையாகவே நம்பும் நோயாளி. சர்க்கரைக்காரரும் "எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்று லட்டு சாப்பிடுவார்தான். ஆனால் மாத்திரையில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று பயப்பட மாட்டார். வாசலில் அட்டையை எண்ணி வைத்துவிட்டு வரும் வேலை அங்கே போதாது; உட்கார்ந்து பேச வேண்டும், அவன் சம்மதத்தைப் பெற வேண்டும். லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகளுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் போக முடியாது.

இன்னொன்று வெட்கம். "கிறுக்கு வீடு" என்று பேர் எடுத்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது. மனநலப் பணியாளர் என்று பலகை போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தால் அந்த வீட்டார் கதவைச் சாத்துவார்கள். இந்தச் சிக்கலுக்குச் சர்க்கரைப் பையே மறைப்பு. எல்லா வீட்டுக்கும் போகிற அதே பெண், அதே பை; எந்த மாத்திரை யாருக்கு என்று எதிர்வீட்டுக்குத் தெரியாது. தனித் திட்டம், தனிப் பெயர், தனி வேன் என்று மனநலத்தைப் பிரித்து வைத்ததே அதன் காலைக் கட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

உடம்பிலேயே இந்த இரண்டு நோயும் சந்திக்கின்றன. ஒலன்சாபின், குளோசபின் எடை கூட்டும், சர்க்கரையை ஏற்றும். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் இதயநோய்க்கும் சர்க்கரைக்கும் பெரிய பங்கு. வரலாற்றிலும் ஒரு சந்திப்பு உண்டு. இன்சுலின் 1920களில் சர்க்கரைக்காரர்களின் உயிரைக் காத்தது. 1930களில் வியன்னாவில் மான்ஃப்ரெட் சாகெல் அதே இன்சுலினை அளவுக்கு மேல் கொடுத்து மனநோயாளிகளை மயக்கத்தில் ஆழ்த்தும் சிகிச்சையைத் தொடங்கினார். இந்தியாவுக்கும் வந்து, பிறகு கைவிடப்பட்டது. இன்றைக்கு அந்தப் பையனுக்கு மனநல மருந்து ஒரு இடத்தில், அந்த மருந்தால் ஏறும் சர்க்கரைக்குப் பரிசோதனை இன்னொரு இடத்தில். பாட்டியின் விரலைக் குத்திய கருவி உள்ளறைக்குள் போவதில்லை.

டாக்டர் இல்லாத இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே மனநல மருத்துவமனையாக்கியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னை டாக்டர், பக்கத்திலேயே மருந்து அலமாரி. கிராமத்திலேயே வேலைக்கு எடுத்த பணியாளர்கள் நோயாளியை அழைத்து வந்தார்கள். 2014ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு, பெரிய படிப்பில்லாத உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஓராண்டில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு ஆள் போன பிரிவில் நோயும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. அதிலும் பலன் தெளிவாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து இதைத்தான் செய்தார்கள். அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே அந்தச் சாக்கும் இல்லை.

தொலைபேசி வந்துவிட்டதே என்பார்கள். 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நல்ல சேவை, மனசு தாங்காத இரவில் அந்த எண் ஒருவரைக் காப்பாற்றும். ஆனால் போன் மாத்திரை கொண்டுவராது. உள்ளறைப் பையன் போனை எடுக்கவும் மாட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநல சேவை பெறுவது உரிமை என்கிறது அதன் 18ஆம் பிரிவு. சேவைக்காக யாரும் நெடுந்தூரம் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. அதே பிரிவில் ஓர் ஓட்டையும் உண்டு: அத்தியாவசிய மருந்துகள் எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டிய இடங்களைச் சொல்லும்போது, சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே என்று தொடங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் அந்தக் கணக்கில் வராது. சர்க்கரை மாத்திரை இறங்கி வந்த கடைசி இரண்டு படிகளை மனநல மாத்திரைக்குச் சட்டமே கேட்கவில்லை.

பத்தமடையில் 1887ல் பிறந்த குப்புசாமி மலாயாவில் டாக்டராக இருந்து, அதை விட்டு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தர் ஆனவர். மனதின் இயல்பு பற்றியே புத்தகம் எழுதியவர். ஊரில் அவர் பெயருக்குக் குறைவில்லை. மனதுக்கு வைத்தியம் பார்க்கத்தான் 20 கிலோமீட்டர்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மகளிர் தன்னார்வலர் நோட்டில் ஒரு கட்டம், பையில் நான்கைந்து மனநல மருந்துகள், அவர் கேட்க இரண்டு கேள்விகள். சர்க்கரைக்குக் கூடும் அதே நாளில் சுகாதார நிலையத்தில், மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் மனநோய் ஊசிக்கு ஏற்பாடு. சீட்டை மட்டும் ஹைகிரவுண்டு டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றட்டும். கூடுதல் வேலைக்குத் தன்னார்வலருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். பெண்களின் அலைச்சலை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் போதும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அடுத்த முறை மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமோ சுகாதார நிலையத்திலோ ஒரு கேள்வி கேளுங்கள்: "மனநல மாத்திரை இங்கே கிடைக்குமா?" இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அந்தக் கேள்விக்கு 18ஆம் பிரிவு துணை நிற்கும். உங்கள் வீட்டில் யாருக்கும் தேவை இல்லாவிட்டாலும் கேளுங்கள். தேவை உள்ள வீட்டார் வாய்திறந்து கேட்க மாட்டார்கள்.